உது எந்தப் பிரிவு?

இந்நிகழ்வைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. மீன் விற்கும் பெண்களை மாகாண சபை உறுப்பினர் ஒருவர் கைவிடப் பார்த்தார் என்பது ஒன்று. மலையகத்திலிருந்து வந்த சட்டத்தரணி ஒருவருக்கு வேலை தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையல்ல. அன்று அவ்விடத்தில் இருந்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தவாறே எழுதிவைத்தல் வேண்டும் எனக் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாகாண சபை கூடிக்கொண்டிருந்த காலம். உறுப்பினர்களுக்கு ஆய்வுக் குறிப்புகளும் சட்ட உதவியும் வழங்கும் சிறிய அலகொன்றில், வரைவுகளின் தமிழைச் சரிபார்க்கும் பணி எனக்கு வாய்த்திருந்தது. கேட்கும் உறுப்பினர் எக்கட்சியினர் என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஒரு வரைவு சட்டமானால் யாருக்கு என்ன நேரும் என்பதை எழுதிக் கொடுப்போம். அது நல்லதா தீயதா என்று சொல்லமாட்டோம். மேற்சொன்ன இளம் சட்டத்தரணியும் அங்கேதான் பணியாற்றினார்.

அந்நாளில் பொதுச் சந்தைகள் பற்றிய நியதிச்சட்ட வரைவு ஒன்றை ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் சபைக்குக் கொணர்ந்திருந்தார். பழைய சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டினால், முன்பு அங்கு விற்றவர்களுக்கே முதலில் இடம் தரவேண்டும் என்றது ஒன்பதாம் பிரிவு. எழுத்திலான அனுமதிப் பத்திரம் இல்லாதவருக்கு இடமில்லை என்றது பத்தாம் பிரிவு. குருநகர்ப் பெண்கள் நெடுங்காலமாகத் தரையில் சாக்கு விரித்து மீன் விற்பவர்கள். அன்றன்று வரி செலுத்துவார்களேயன்றி, பத்திரம் என்று எதுவும் அவர்களிடம் இருந்ததில்லை. பத்தாம் பிரிவு நின்றால் அவர்கள் வெளியே. அதனை நீக்குவதாக உறுப்பினர் அவர்களுக்கு வாக்களித்திருந்தார்.

அமர்வுக்கு முதல்நாள் அவர் உரும்பிராயிலிருந்த தம் வீட்டிலிருந்து அலகுக்குத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவர் அந்தச் சட்டத்தரணி. ஒன்பதாம் பிரிவு இருந்த தாளை உறுப்பினர் கையில் வைத்திருந்தார்; பத்தாம் பிரிவைச் சட்டத்தரணி தம் முன்னிருந்த தாளிலிருந்து வாசித்துக் காட்டினார். கேட்டுமுடித்த உறுப்பினர் சொன்னது இவ்வளவுதான்:

“தங்கச்சி, இது கிடக்கட்டும். உதை எடுத்துவிடுங்கோ.”

யாழ்ப்பாணத்தாருக்கு இதில் ஐயமே எழாது. பேசுபவரிடம் இருப்பது இது. கேட்பவரிடம் இருப்பது உது; அதனையே ‘உதை’ என்றார். ஆகவே நீங்கவேண்டியது பத்தாம் பிரிவு. சட்டத்தரணியின் ஊர்ப் பேச்சிலோ உது என்ற சுட்டே இல்லை. இப்போது வாசித்த பத்தாம் பிரிவையே ‘இது’ என்கிறார், மற்றதைத்தான் ‘உது’ என்கிறார் என அவர் கொண்டார். ஒன்பதாம் பிரிவை நீக்கித் திருத்தத் தாளைத் தட்டச்சுச் செய்தார். அத்தாள் என்னிடமும் வந்தது. ஓர் ஒற்றுப்பிழைகூட அதில் இல்லை.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் குருநகர்ப் பெண்கள் சிலர் வந்து அமர்ந்திருந்தனர். உறுப்பினர் பிரிவுகளைப் பொருளால் அறிந்தவரேயன்றி எண்ணால் அறிந்தவர் அல்லர். “ஒன்பதாம் பிரிவு நீக்கப்படுகிறது” என்று கணீரென வாசித்துவிட்டு, மாடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்களும் மகிழ்ந்து தலையசைத்தனர். அவைத் தலைவர் அதனை வாக்கெடுப்புக்கு விட இருந்த தறுவாயில், எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அந்த இருவரும் சபையில் முகம் பார்த்துப் பேசியதை அதுவரை நான் கண்டதில்லை.

“அண்ணை, மேலை குருநகர்ப் பொம்பிளையள் இருக்கினம். அவையின்ரை இடத்தை அவையின்ரை கண்ணுக்கு முன்னாலையே வெட்டுறியளோ?”

“ஆர் வெட்டினது? வாய்க்கு வந்தபடி கதையாதையும்!”

“கையிலை கிடக்கிற தாளை ஒருக்கால் வாசியுங்கோ அண்ணை. கண்ணாடியைப் போட்டிட்டு.”

உறுப்பினர் வாசித்தார். முகம் கறுத்தது. அவைத் தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

தேநீர் அறையில் உறுப்பினர் நேரே சட்டத்தரணியிடம் வந்தார். “நான் உதையெல்லோ எடுக்கச் சொன்னனான்!”

“நீங்க உதைன்னுதான் ஐயா சொன்னீங்க. நானும் உதைத்தான் எடுத்தேன்.” சட்டத்தரணி பின்வாங்கவில்லை.

“உது எண்டால் உது, பிள்ளை! உதுகூடவோ விளங்கேல்லை?”

குழப்பம் எங்கே நேர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகள் உண்டென்றும், மூன்றாவது பிற இடங்களில் பேச்சில் வழக்கிழந்ததென்றும் விளக்கத் தொடங்கினேன். தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்த எதிர்க்கட்சி உறுப்பினர் இடைமறித்தார்.

“ஐயா, இலக்கணம் பிறகு. மணி அடிக்கப் போறாங்கள். இப்ப எந்தப் பிரிவை வெட்டுறது?”

“பத்து” என்றோம் மூவரும் ஒரே குரலில்.

“அப்ப எழுதித் தாருங்கோ, நானே வழிமொழியிறன்.”

உறுப்பினர் அவரை உற்றுப் பார்த்தார். “நீர் பேசாமல் இருந்திருந்தால் நாளைக்குச் சந்தையிலை நிண்டு என்னைக் கிழிச்சிருக்கலாமே?”

“கிழிச்சிருக்கலாம். ஆனால் அவையின்ரை இடம் போயிருக்கும். மீனுக்கு நானும் உங்கை, உந்தச் சந்தைக்குத்தானே போகோணும்.” பிறகு சட்டத்தரணியின் பக்கம் திரும்பினார். “ஒன்பது என்ன, பத்து என்ன எண்டு எனக்குக் குறிப்பு எழுதித் தந்தது நீர்தானே, பிள்ளை? அதை வாசிச்ச ஒரே ஆள் நான்தான் போலை கிடக்கு.”

அது மெய். வரைவை எதிர்த்துப் பேசுவதற்காக அவர் எங்கள் அலகில் குறிப்புக் கேட்டிருந்தார். அதே சட்டத்தரணிதான் எழுதிக் கொடுத்திருந்தார். ஆளுங்கட்சியின் வரைவில் நேர்ந்த தவறு, எதிர்க்கட்சிக்காக எழுதிய குறிப்பினால் வெளிப்பட்டது. ஒரு தரப்பிற்கு மட்டும் நாங்கள் ஊழியம் செய்திருந்தால், அத்தாள் அன்றே நிறைவேறியிருக்கும்.

இடைவேளைக்குப் பின், தவறு தம் சொல்லால் நேர்ந்தது என்று உறுப்பினர் சபையில் ஒப்புக்கொண்டார். சட்டத்தரணியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பத்தாம் பிரிவு நீங்கியது. ஒன்பதாம் பிரிவு நின்றது.

மாடத்திலிருந்து இறங்கி வந்த பெண்களுள் ஒருவர் என்னை மறித்தார்.

“ஐயா, எங்கடை இடம் என்ன மாதிரி?”

“உங்களுக்குத்தான் அம்மா.”

“ஓமோ? அப்ப என்னத்துக்கு உவை சண்டை பிடிச்சவை?”

“ஒரு சொல்லுக்காக.”

“என்ன சொல்?”

“உது.”

அவர் தம் இருபுறமும் பார்த்தார். காலடியையும் குனிந்து பார்த்தார். “எது ஐயா?” என்றார்.

நானும் சட்டத்தரணியும் வாய்விட்டுச் சிரித்தோம். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

அதன்பின் தொலைபேசியில் வரும் எத்திருத்தத்தையும், பிரிவின் எண்ணையும் முதற்சொற்களையும் திருப்பி வாசித்துக் காட்டாமல் நாங்கள் எழுதியதில்லை. உகரச் சுட்டு நம் பேச்சில் வாழ்வது குறித்து எனக்குள்ள பெருமை குறையவில்லை. எனினும், கேட்பவர் அதனை எவ்வாறு கொள்வார் எனத் தெரியாமல் வழங்கினால் பிறர் இருக்கும் இடமே பறிபோகலாம் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இவ்வெழுத்தில் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. ஆனால் ‘உது பிழை’ என்று மட்டும் எழுதாது, எந்த வரி என்பதையும் குறிப்பிடுக.