ரஞ்சி அக்கா சுடாமல் எழுந்து வந்த நாள்

ரஞ்சி அக்கா போய்விட்டார்.

இன்று காலை, லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில்... ஸ்ட்ரோக். ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாராம். அவர் கணவர் குகன் அண்ணன்தான் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

நான் இன்னும் ஆஸ்பத்திரி கார் பார்க்கில்தான் இருக்கிறேன். இரண்டு தடவை மேலே போய், நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே ரூம் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஊர் யாழ்ப்பாணம். இன்னொன்று சொன்னால் பலர் நம்பமாட்டீர்கள்... லண்டனுக்கு வெளியே ஒரு ரைஃபிள் கிளப்பில் மெம்பர். லைசென்ஸோடு, இலக்குப் பலகையைக் குறிபார்த்துச் சுடுகிறவர்.

ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் நான் அவரைச் சந்தித்தது அங்கேதான். சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வரிசையாக வெள்ளைக்காரர்கள் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்து ஒரு குரல்...

"சனியன் பிடிச்ச காத்து!"

சிரித்துவிட்டேன். தலையைத் திருப்பி, "தமிழோ நீங்கள்?" என்றார்.

"ஆமாங்க. திருச்சி."

"அப்ப சிரிச்சுக்கொண்டு நிக்காமல், காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

காற்றடித்தால் குண்டு குறி விலகுமாம். அன்றிலிருந்து அவருக்குக் காற்று பார்த்துச் சொல்வது என் வேலை.

ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு திருவிழா. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, இரண்டு காதிலும் கிளப்பில் சுடும்போது போடும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான். தவில்காரர் முறைத்தார். "கேக்குது, கேக்குது, நல்லா வாசிக்கிறீங்கள்" என்று கையாட்டினார் அக்கா.

ஆனால் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுவது வேறு ஒரு நாள்.

அக்கா தோட்டாக்களை வீட்டிலேயே தயாரிப்பார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, புது வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்துவது. வெற்றுக் கூடுகளைப் பளபளப்பாக்க ஒரு மிஷின் உண்டு, டம்ளர் என்பார்கள். நான் முதலில் காபி டம்ளர் என்றுதான் நினைத்தேன்! உள்ளே மக்காச்சோளத் தக்கைத் தூள் போட்ட சின்ன டிரம், சுற்றிக்கொண்டே இருக்கும்.

கவுண்டி, அதாவது மாவட்ட அளவிலான சுடும் போட்டியின் ஃபைனலுக்கு முந்தின நாள். அக்கா முதல்முறையாகத் தேர்வாகியிருந்தார். தோட்டாக்கள் ரெடி, மருந்து உள்ளே. ஆனால் மேலெல்லாம் கிரீஸ் பிசுபிசுப்பு. ஒவ்வொன்றாகத் துடைக்கப் பொறுமையில்லாமல், மொத்தத்தையும் டம்ளரில் கொட்டிவிட்டார்.

நான் போனபோது கராஜில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ரஞ்சி, உதுக்குள்ள மருந்து இருக்கே?"

"ஓம்."

"உமக்கு விசரே?" குகன் அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஒண்டும் வெடிக்காதப்பா. ஃபாக்டரியிலயே இப்பிடித்தானாம். கிளப்பில ஒரு கிழவன் கனகாலமாச் செய்யிறார்."

"அந்தாளின்ர மனுசியிட்டக் கேட்டனீரே?"

நான் போனில் தேடினேன். டிரம்முக்குள் வெடித்ததாக யாரும் சொல்லவில்லை, ஒன்றும் ஆகாது என்று பலர் எழுதியிருந்தார்கள். வெடிமருந்து தயாரிப்பவர்களின் குறிப்பு மட்டும் வேண்டாம் என்றது. சுற்றும்போது மருந்துத் துணுக்குகள் உரசி உடையலாம், உடைந்தால் வேகமாக எரியும், சுடும்போது துப்பாக்கிக்குள் அழுத்தம் எகிறலாம். அதாவது, கன்னத்துக்குப் பக்கத்தில்.

"எவ்வளவு நேரம் ஓடினா அப்பிடி ஆகும்?" என்றார் அக்கா.

"அது போடலக்கா."

"அப்ப அது என்ன கதை?"

இவர் எவ்வளவு நேரம் ஓடவிட்டார் என்பதும் தெரியவில்லை. "இப்பத்தான் போட்டனான்" என்றார் அக்கா. "நான் குளிக்கப் போகேக்கையே ஓடினது" என்றார் குகன் அண்ணன்.

மறுநாள் அதே தோட்டாக்களைத்தான் எடுத்து வந்தார். பிடிவாதம். அதுவரை அந்தப் பக்கமே வராத குகன் அண்ணனும் வந்தார், கார் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அக்கா படுத்தார். தோட்டாவை உள்ளே தள்ளி மூடினார். கன்னத்தை வைத்தார். நான் காற்றைச் சொன்னேன்.

சுடவில்லை.

மறுபடி சொன்னேன். அசையவில்லை. பக்கத்திலெல்லாம் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு மெதுவாகத் திறந்து, அந்தத் தோட்டாவை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பொறுப்பாளரைக் கூப்பிட்டு, தன் தோட்டாமேல் தனக்கே நம்பிக்கையில்லை, அதனால் விலகிக்கொள்வதாகச் சொன்னார். அந்த மனிதர் தலையசைத்தார், அவ்வளவுதான்.

காரில் ஏறியதும், "ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காதேங்கோ." ஹவுன்ஸ்லோ வரும்வரை அக்கா ரேடியோவைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார்.

பிறகு ஒரு நாள் எல்லாத் தோட்டாக்களையும் பிரித்தார். அந்த மருந்தையும் புது மருந்தையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி, லென்ஸ் வைத்து மூன்று பேரும் பார்த்தோம்.

ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"சுட்டிருக்கலாம் போல கிடக்கு..." என்றார் அக்கா.

"பார்த்தாத் தெரியுமே ரஞ்சி?" என்றார் குகன் அண்ணன்.

அக்கா மறுபடி லென்ஸைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஃபைனலுக்குத் தேர்வாகவே இல்லை. சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

இதை எழுதும்போதே குகன் அண்ணன் திரும்பவும் கூப்பிட்டார். "பாலா, துவக்கு வைச்ச அலுமாரியின்ர திறப்பு எங்கையெண்டு எனக்குத் தெரியாது. லைசென்ஸ் இல்லாத ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அவ எனக்கே சொல்லேல்ல. நான் இப்ப யாருக்குப் போன் பண்ண?"

"நான் வர்றேண்ணே. துப்பாக்கி, சாவி எல்லாம் வந்து பார்த்துக்கலாம்."

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். கிளம்புகிறேன்.

அக்கா, நேற்று லிஃப்ட் கதவு மூடும்போது, "சனிக்கிழமை கதைப்பம்" என்றீர்கள்.

சரிக்கா.