ஹயர் இல்லை, விருந்தாளிகள்

யுத்தம் முடிந்து ஏழாவது வருடம், பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடிய ஐந்தேகாலுக்குப் புத்தளம் பஸ் நிலையத்துக்கு முன்னால் வேன் ஏறினோம். நாங்கள் என்றால் நானும், நோர்வேயிலிருந்து லீவில் வந்திருந்த என் தங்கச்சி மலரும். கற்பிட்டிக் கடலில் டொல்பின் கூட்டங்கூட்டமாகத் துள்ளும் என்று யாரோ அவளுக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். அதைக் காட்டாமல் அவளைத் திருப்பி அனுப்பினால் பழி எனக்குத்தான். முதல்நாள் முழுக்கத் திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் வழியாக பஸ்ஸில் குலுங்கி வந்து, தங்கிய லொட்ஜ்காரர் மூலம் வேன்காரரை வரவழைத்துப் பேசினோம். கற்பிட்டி போய்ப் பின்னேரம் திரும்புவதற்கு எட்டாயிரம் ரூபா, காசு கொடுப்பது திரும்பி வந்த பிறகு. பத்தாயிரம் கேட்டவரை எட்டுக்கு இறக்கியது நான்தான். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு, வெள்ளைக்காரர்களோடு பேரம் பேசிப் பழகிய வாய் இது.

வேன்காரர் பெயர் ரிஸ்வி. முப்பது கடந்த வயது, வெள்ளைத் தொப்பி, சிரித்த முகம். வேனுக்குள் ஏறியதும் மலர் மூக்கைப் பொத்தினாள்.

"கருவாடு அக்கா, என்ட யாவாரம் அதுதான். கொழும்புக்கு ஏத்திறது. லீவு நாள்ள மட்டும் இப்பிடி ஆக்கள ஏத்திறன்," என்று யன்னல்களைத் திறந்துவிட்டார். பிறகு, சாவியைத் திருப்பாமல் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரு விசயம். வழியில பொலிஸ் மறிச்சுக் கேட்டா ஹயர், காசுக்கு ஓடுறது எண்டு சொல்லப்படாது. எங்கட வீட்டுக்கு வந்த விருந்தாளி எண்டு சொல்லுங்க."

"ஏன் பொய் சொல்ல வேணும்?" என்றாள் மலர். இருபது வருடம் நோர்வேயில் இருந்தால் இப்படித்தான் ஆகிவிடும்.

ரிஸ்வி தலைக்கு மேலே வெயில் மறைப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை இழுத்துக் காட்டினார். உள்ளே இன்சூரன்ஸ் காட், சின்ன அட்டை. ஃபுல் இன்சூரன்ஸ்தான், ஆனால் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. "ஹயருக்கெண்டு போடுறதெண்டா கட்டுற காசு கூட. வேன் லீசிங்ல நிக்குது. ஹயர் ஓடி எங்கயும் அடிபட்டா கம்பனி ஒரு சதமும் தராது. திருத்த வழியில்லாம ரெண்டு மாசம் நிண்டா தவணை கட்டேலாது, லீசிங்காரன் வேனத் தூக்கிட்டுப் போயிடுவான். பிறகு கருவாடும் இல்ல, சோறும் இல்ல."

"என்னிட்ட விடுங்கோ தம்பி," என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பாலாவிச் சந்தி ஏழு கிலோமீற்றர். சீமெந்து லொறிகளும் உப்பு லொறிகளும் வரிசையாக நிற்க, அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கையுறை போட்ட பொலிஸ்காரர் எங்கள் வேனை ஓரங்கட்டச் சொன்னார். நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவர் தெருவில் காட்ட வேண்டியவை மூன்று: சாரதி லைசன், இன்சூரன்ஸ் காட், வருடா வருடம் எடுக்கும் வரி லைசன். கடைசியாகச் சொன்னதைக் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். மற்ற இரண்டையும் கையில் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் தெருவோடு முடியாது, வழக்காகிக் கோட்ஸுக்கு ஏற வேண்டும். ரிஸ்வி உறையோடு நீட்டினார். பொலிஸ்காரர் உறையிலிருந்து காட்டை உருவி, போட்டோகொப்பியா என்று பார்த்து, திகதியைப் பார்த்து, பிறகு குனிந்து எங்களையும் பார்த்தார்.

"ஹயரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். எனக்குச் சிங்களம் சரளம். "இல்லை மாத்தையா, நாங்கள் இவர் வீட்டு விருந்தாளிகள். தங்கச்சி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள், கடல் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார்," என்றேன். அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், ரிஸ்வியின் தொப்பியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே காட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பாலாவியில் வலப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக்கு நாற்பது கிலோமீற்றர். முதலில் உப்பளப் பாத்திகள், பிறகு தென்னந்தோப்புகள், இடைக்கிடை களப்புத் தண்ணீர். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும் இடத்தில் மறுபடி மறித்தார்கள், மறுபடி அதே மூன்று. இந்த முறை ஒரு கேள்வியும் இல்லாமல் விட்டார்கள்.

மலருக்குப் பொறுக்கவில்லை. "நோர்வேயில பொலிஸ் நம்பர் பிளேட்டை அடிச்சுப் பாத்தா எல்லாம் தெரியும். ஒருத்தரும் காட் காவுறதில்லை. அதோட, இன்சூரன்ஸ் இல்லாட்டி இந்த வரி லைசனே தரமாட்டாங்களாம். கண்ணாடியில அது ஒட்டியிருக்கேக்க, பிறகேன் காட்டை வேற கேக்கிறாங்கள்?"

"வரி லைசன எடுத்திட்டு அடுத்த நாள் இன்சூரன்ஸ கென்சல் பண்ணிட்டா?" என்றார் ரிஸ்வி. "அப்பிடியும் ஆக்கள் இருக்கு தங்கச்சி. நம்மட நாட்டு மூளை."

எத்தாளைக்குக் கிட்டப் போகும்போது ஆறே முக்கால். தெருவின் இரு பக்கமும் சின்ன வெங்காயத் தோட்டங்கள், பச்சைப்பசேலென்று. இந்தப் பக்கம் கட்டாக்காலியாக அலையும் கழுதைகள் அதிகம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கற்பூரம் எப்படியோ, வெங்காய வாசனை அதற்கு நன்றாகவே தெரியும். தோட்டத்துக்குள் புகுந்த ஒரு கழுதையை ஒரு பெண் தடியோடு துரத்த, அது வேலியைப் பாய்ந்து நேரே வேனுக்கு முன்னால் வந்து விழுந்தது. ரிஸ்வி ஒடித்துத் திருப்பினார். வேன் தெருவை விட்டிறங்கி, மதகுக் கட்டில் இடித்து நின்றது.

எங்களுக்கு ஒன்றும் இல்லை. மலருக்கு முழங்கையில் சின்னச் சிராய்ப்பு மட்டும். கோதாரியில் போன கழுதைக்கும் ஒன்றும் இல்லை, தெருவோரத்தில் நின்று எங்களைப் பார்த்தது. வேனுக்குத்தான் முகம் போய்விட்டது. ஒரு பக்க லைட்டும் பம்பரும் நொறுங்கி, ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. ரிஸ்வி அந்த ஈர மண்ணிலேயே குந்தித் தலையில் கை வைத்தார்.

"முடிஞ்சிது அக்கா," என்றார்.

"என்ன முடிஞ்சது? எழும்புங்கோ. ஃபுல் இன்சூரன்ஸ் எண்டுதானே சொன்னீங்கள்? கம்பனிக்குக் கோல் எடுங்கோ. கேட்டா நாங்கள் விருந்தாளிகள். பாலாவியில் சொன்னதை இங்கையும் சொல்லிப்போட்டுப் போறன்." எனக்கு அப்போது இருந்த தைரியத்தைச் சொல்லி முடியாது.

இப்போதெல்லாம் அடிபட்ட இடத்துக்கே கம்பனி ஆள் வந்து பார்ப்பார். அசெசர் என்பார்கள். அவர் வரும்வரை வேனை அசைக்கக் கூடாது. தெருவோரக் கடையில் பிளேன்ரீயும் பாணும் பருப்புக் கறியும் வாங்கித் தின்றுகொண்டு காத்திருந்தோம். டொல்பின் பார்க்கும் படகுகள் போய்விட்டன. மலர் கமராவைப் பைக்குள் போட்டு மூடினாள்.

ஒன்பது மணிக்கு மோட்டார்சைக்கிளில் அசெசர் வந்தார். சிலாபத்துக்காரர், இளந்தாரி, தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார். காட்டை வாங்கிப் பார்த்தார், வேனைச் சுற்றி வந்து படம் எடுத்தார், மதகில் ஒட்டியிருந்த பெயின்ரையும் படம் எடுத்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். மலரின் பெரிய தொப்பியிலும் கமராப் பையிலும் அவர் கண் நின்றது.

"இவங்க யாரு? ஹயர் போனதா?"

"இல்லைத் தம்பி. நாங்கள் இவரின்ர வீட்டு விருந்தாளிகள்," என்றேன், பாலாவியில் சொன்ன அதே குரலில்.

"அப்பிடியா? சரி. இவர்ட வைஃப்ட பேர் என்ன?"

ஐயோ கடவுளே! வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. ஃபாத்திமா என்று ஒன்றைப் போடலாமா என்று யோசித்தேன். யோசித்ததே முகத்தில் தெரிந்திருக்கும். திருகோணமலையில் என்னோடு வாய் கொடுத்து வென்றவர் கிடையாது, எத்தாளைத் தெருவில் ஒரு பொடியன் ஒரே கேள்வியில் என்னை ஊமையாக்கிவிட்டான்.

அசெசர் மலரைப் பார்த்தார். "மிஸ் சொல்லுங்க. எவ்வளவு காலமாத் தெரியும்?"

"நேற்றுத்தான் சந்திச்சது," என்றாள் மலர். அவளுக்குப் பொய் வராது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அசெசர் பேனாவை மூடினார். "ஹயர் எண்டா நான் எழுதியே ஆகணும் நானா. எனக்கும் வேலை வேணும்."

நானா என்றால் அண்ணன். அந்த நானா எழும்பி முன்னால் வந்தார்.

"தங்கச்சி சொன்னது உண்மை. நேத்துத்தான் கண்ட. ஆனா ஒரு சதமும் வாங்கல்ல. வாங்கவும் மாட்டன். வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை, இவங்க என்ட விருந்தாளி."

"காசு குடுத்தீங்களா?" என்று அசெசர் என்னைக் கேட்டார்.

"இல்லை. ஒரு சதமும் குடுக்கேல்லை," என்றேன். அது முழு உண்மை. எட்டாயிரமும் என் கைப்பையில்தான் இருந்தது.

அசெசர் காட்டை ரிஸ்வியிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். திருத்தும் செலவைக் கம்பனி பார்க்கும், கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார்சைக்கிள் மறைந்ததும் நான் கைப்பையைத் திறந்தேன்.

"வேணாம் அக்கா," என்றார் ரிஸ்வி.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. அது அசெசருக்குச் சொன்ன கதைதானே? அவர் போயிட்டார்."

"சத்தியம் அவருக்குப் பண்ணல்லையே அக்கா. இப்ப இதை வாங்கினா நான் சொன்னது பொய்யாப் போயிடும். உள்ளத்தச் சொல்றன், பண்ணேக்க யோசிக்கவே இல்ல. இனி யோசிச்சு என்னத்துக்கு? மத்தியானம் எங்கட வீட்ட சாப்பிடணும். விருந்தாளி எண்டு சொல்லிட்டு சோறு குடுக்காம அனுப்பேலாது."

வேனைக் கயிறு கட்டி இழுத்த லொறியின் முன்சீட்டில் நெருங்கி இருந்து பாலாவிக்குத் திரும்பினோம். சந்திக்குப் பின்னால் ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் நின்ற பெண் சிரித்தபடி என் கையைப் பிடித்தாள்.

"என்ட பேர் பரீனா. இனி ஆரும் கேட்டா முழிக்காதீங்க அக்கா." புருஷன் போனில் எல்லாம் சொல்லியிருந்தார்! எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நெய்ச்சோறு, நண்டு, மீன் ஆணம். ஆணம் என்றால் இவர்கள் பேச்சில் குழம்பு. மூன்று பிள்ளைகளும் மலரின் தொப்பியை மாறி மாறிப் போட்டுப் பார்த்தன. சாப்பிடும்போது, பிறந்த ஊர் இதுதானோ என்று ரிஸ்வியைக் கேட்டேன்.

"இல்ல அக்கா, மன்னார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் எனக்கு ஆறு வயசு. வள்ளத்துல வந்து கற்பிட்டில இறங்கின. ஒரு சாமானும் இல்ல. ஊர் ஆக்கள்தான் சோறாக்கிக் கொண்டுவந்து தந்தாங்க. ஒரு சதம் கேக்கல்ல."

வெளிக்கிடச் சொன்னவர்கள் தமிழர் எங்கள் பெயரைச் சொல்லித் துவக்குத் தூக்கியவர்கள். எடுத்த பிடிச் சோற்றைத் திரும்ப வைத்தேன். "எங்களுக்கு அது வெட்கம் தம்பி. அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும்தான்," என்றேன்.

"நீங்களா அக்கா துரத்தின? சாப்பிடுங்க," என்று பரீனா இன்னொரு நண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

புறப்படும்போது சின்னவளின் கைக்குள் காசைத் திணித்தேன். பரீனா படலையடியில் ஓடி வந்து பிடித்து, அதே மடிப்போடு என் கைப்பைக்குள் திருப்பிச் செருகிவிட்டாள். புத்தளம் பஸ் நிலையம்வரை ஆட்டோவில் கூட வந்து ரிஸ்வி எங்களை ஏற்றிவிட்டார். பஸ் வெளிக்கிடும்போது யன்னலடியில் நின்று கேட்டார்.

"சித்திரை லீவுக்குப் பிள்ளைகள் திருகோணமலை கடல் பாக்கணுமாம். ஐஞ்சு பேர் வரட்டா அக்கா?"

"வாங்கோ," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஒருவரிடமும் கடன் வைக்காதவள் நான். இதை அடைக்க வேறு வழியும் தெரியவில்லை.

டொல்பினின் வாலைக்கூடப் பார்க்காமல் மலர் நோர்வே போய்ச் சேர்ந்தாள். கற்பிட்டிக் கடல் சித்திரையோடு குழம்பத் தொடங்கும், எங்கள் கடல் அதே சித்திரையோடு அடங்கும். அங்கே படகைக் கரையேற்றும்போது எங்களுக்கு உழைப்புத் தொடங்குகிறது. கடல் பக்கத்து அறைதான் என் அரை வருடச் சாப்பாடு. லீவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளைக்காரர்களைக் கூட்டிவரும் ஆட்டோக்காரச் செல்வம் ஒரு ஜெர்மன் சோடியோடு வாசலில் வந்து நின்றான். ஒரு கிழமைக்கு அந்த அறைதான் வேண்டுமாம், கேட்டதைத் தருவார்களாம்.

"அது இல்லை," என்றேன்.

"என்ன அக்கா, வெறுமையாத்தானே கிடக்கு? ஆர், இதைவிடக் கூடத் தாற ஆக்களோ?"

"சும்மா போடா. எங்கட ஆக்கள் வருகினம்," என்றேன்.