ஆவணி மாதத்து மழை

தலைமன்னாரில் ஆவணி மாதத்தில் மழை பெய்யாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை மாற்றி எழுதி, ஊர் முழுவதிடமும் ஏச்சு வாங்கியவன் நான். வாங்கிய ஏச்சில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

எல்லாம் அன்ரோனெற் அக்காவைப் பற்றி எழுதப் போனதால் வந்தது.

அக்கா ஐஸ் விற்கிறவர். காலையில் மன்னாரிலிருந்து லொறியில் வரும் ஐஸ் கட்டிகளை உமிக்குள் புதைத்து வைத்து, கடலுக்குப் போகும் வள்ளங்களுக்குச் சாக்கில் போட்டு உடைத்துக் கொடுப்பார். அதற்கென்று ஒரு முதிரைக் கட்டை வைத்திருந்தார். அவர் அடிக்கிற அடி கோயில் வாசல்வரை கேட்கும். யுத்த காலத்தில் ஐஸ் விற்பது சூதாட்டம் மாதிரி. நேவிக்காரர் "இண்டைக்குத் தொழில் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வள்ளம் கரையில் நிற்கும், ஐஸ் தண்ணீராகும். வேறு ஆட்கள் என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார்கள். அக்கா நாலு தேசிக்காயைப் பிழிந்து, சீனி போட்டு, வாளிக்குள் ஐஸைக் கொட்டி, "வாங்கோ வாங்கோ, இண்டைக்குக் கடல் பூட்டின பெருநாள்!" என்று றோட்டால் போகிறவர்களைக் கூப்பிடுவார். ஒருமுறை காவலரணில் நின்ற பொடியன் எட்டிப் பார்த்து "கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டான். "கடலைத் திறந்து விடு, சும்மா தாறன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே அக்கா ஒரு கோப்பையை நீட்டினார். அவன் குடித்தான். கடல் திறக்கவில்லை.

ஆனால் ஊர் அக்காவை அறிந்தது ஐஸால் அல்ல. அவருக்குக் கலியாணம் மூன்றில் இரண்டு பங்கு நடந்திருந்தது.

எங்கள் கோயிலில் ஒரு கலியாணம் என்றால், மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று பாதர் கேட்பார். ஓலை வாசிக்கிறது என்று அதற்குப் பெயர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அன்ரோனெற் அக்காவுக்கும் கிறகரி அண்ணனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. முதலாம் ஓலையன்றே கிறகரி அண்ணன் தான் இருந்த வாங்குப் பலகையிலிருந்து எழும்பி, "பாதர், என்ரை அப்பான்ரை பேர் வெறும் யாகப்பர் இல்லை, சந்தியாப்பிள்ளை யாகப்பர்" என்று திருத்தியவர். பிழை கண்டால் அந்த மனுசனால் இருக்க ஏலாது. வானொலிச் செய்தியையே திருத்துவார், அதற்குக் கேட்காது என்று தெரிந்தும்.

மூன்றாம் ஞாயிறுக்கு முதல் நாள், செல் குண்டு விழ விழ, ஊர் கடற்கரையில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறும்" என்றார் கிறகரி அண்ணன்.

"நாளைக்கு மூண்டாம் ஓலை" என்றார் அக்கா.

"பாதரே ஊரிலை இல்லை. ஆர் வாசிக்கிறது?"

"ஓலை முடியாமல் ஊர் பாக்க உங்களோடை வள்ளத்திலை ஏறமாட்டன்."

"அப்ப இரும். மனம் மாறினால் கடிதம் போடும்."

"நான் எழுதமாட்டன். வேணுமெண்டால் நீங்கள் எழுதுங்கோ."

"நானும் உமக்கு எழுதமாட்டன்."

இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வரி இல்லை. அவர் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் தனியாள். இவர் இங்கே தனியாள். இளசுகள் அக்காவுக்குக் கேட்காமல் அவரை "ரெண்டோலை" என்பார்கள். அவருக்குக் கேட்கும். "மூண்டாவதை ஒருக்கா வாசிக்கட்டுமடா, பிறகு பேரை மாத்துங்கோ" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கட்டை அன்றைக்குக் கொஞ்சம் பலமாக விழும்.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்தம் நடுவில் மூச்சுவிட்டது. அம்புறோஸ் பாதர் 'கரைமடல்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். றோணியோ மெசினில் உருட்டிய எட்டுப் பக்கம், அதில் இருபது பிரதி மண்டபம் முகாமில் இருந்த எங்கள் ஆட்களுக்கு. ஆசிரியர் பாதர் என்று அட்டையில் இருந்தாலும், ஸ்டென்சில் வெட்டுகிற அருள்நாயகி அக்காதான் உள்ளே வருவதையெல்லாம் தீர்மானிப்பவர். நான் கொண்டுபோன கவிதைகளை அவர் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார்.

"தம்பி, ஊர் ஆள் ஒராளைப் பற்றி எழுதும். அன்ரோனெற்றை எழுதும்."

எழுதினேன். 'செல்வி அன்ரோனெற் 1962ஆம் ஆண்டு தலைமன்னாரில் பிறந்தார்' என்று தொடங்கினேன்.

"இது கட்டுரையோ, அடையாள அட்டைக்கு நிரப்பின படிவமோ?"

மறுபடி எழுதினேன். 'ஐஸ் / தன்னைத்தானே / மறந்துகொண்டிருக்கிறது.'

"ஐஸ் மறக்கட்டும். நீர் ஏன் வரியை உடைச்சு உடைச்சு வைக்கிறீர்? உடைக்கிறது அவளின்ரை வேலை." பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டினார். "வாசிக்கிற ஆளின்ரை கையிலை இது இருக்கும். முதல் வரியிலை பிடிச்சால், கடைசி வரி வரைக்கும் இதைக் குடிக்க மறக்கவேணும். ஆறவேணும். அப்பிடி ஒரு இடத்திலை தொடங்கும்."

அந்த இடத்தைத் தேடி அக்காவின் ஐஸ் கொட்டிலுக்குப் போனேன். ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். எனக்கு அது வழக்கம். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னடா, என்னைப் படம் கீறுறியோ? கேளன்."

"மூண்டாம் ஓலையைப் பற்றி எழுதலாமோ அக்கா?"

கட்டை நின்றது.

"இது மண்டபத்துக்கும் போகுமோ?"

"இருவது கொப்பி போகுது."

"அங்கை ஆர் வாசிக்கினம்?"

"எல்லாரும்தான். கிறகரி அண்ணன் சிவப்புப் பேனையோடை இருந்து பிழை பிடிக்கிறாராம். இந்தியாவிலை இருந்து போன மாதம் வந்த லூர்தம்மா மாமி சொன்னவ."

"இன்னும் அந்த நோய் மாறேல்லையோ மனுசனுக்கு!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் ஐஸ் சாக்கு சரிந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்: "எழுது. அண்டைக்கு மழை."

"மழையோ?"

"கொட்டோ கொட்டெண்டு கொட்டினது. அந்த மழையுக்கை நீல வள்ளம் போகுது. அவர் ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை. என்ரை முகத்திலை இருந்தது மழையோ கண்ணீரோ எண்டு எனக்கே தெரியாது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வாசித்து வைத்திருந்த கவிதைகளில் பாதி மழையில் நனைந்தவை. மாதம் எது, காற்று எது என்று யோசிக்க எனக்கு நேரம் ஏது? வீட்டுக்கு ஓடினேன். 'கொட்டும் மழையில் நீல வள்ளம் போனது. கரையில் ஒரு குடைகூட இல்லை' என்று தொடங்கி ஒரே மூச்சில் முடித்தேன். அருள்நாயகி அக்கா வாசித்து முடித்து, கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிட்டுது" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மழை உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊருக்கு உறைத்தது. "ஆவணியிலை மழையாம்! சோளகக் காத்து கண்ணுக்கை மண்ணை அள்ளிப் போடுற மாதம்!" என்றார் வள்ளங்களின் சொந்தக்காரர் இன்னாசிமுத்து சம்மாட்டியார். "அண்டைக்கு மழை பெய்திருந்தால் என்ரை கிணறு ஏன் வத்தினது? அதையும் எழுது" என்றார் லூர்தம்மா மாமி. நான் றோட்டில் போக, இளசுகள் கொளுத்துகிற வெயிலில் குடையை விரித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். ஒருவன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, இல்லாத வெள்ளத்தைத் தாண்டினான்.

கொட்டிலுக்கு ஓடினேன். "அக்கா! மழை பெய்யேல்லையாம்!"

"பெய்யேல்லைத்தான்."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"காலமையிலை இருந்து எத்தினை பேர் உனக்குப் பிழை சொன்னவை?"

"நாப்பது பேர் வரும்."

"நீ சரியா எழுதியிருந்தால் எத்தினை பேர் கதைச்சிருப்பினம்?"

நான் எண்ண விரலை நீட்ட, அக்கா அதைத் தட்டிவிட்டார்.

"சரியானதை வாசிச்சால் அந்த மனுசன் மடிச்சு வைச்சிட்டுப் படுத்திடும். பிழை கண்டால் நித்திரை வராது. எனக்கு எழுதமாட்டன் எண்டுதான் சொன்னவர். பத்திரிகைக்கு எழுதமாட்டன் எண்டு சொல்லேல்லைத்தானே?" கட்டையை எடுத்தார். "தள்ளி நில், ஐஸ் தெறிக்கும்."

அதன் பிறகு பூமியில் என்ன நடந்தாலும் எனக்குத் தபால்காரர் மட்டும்தான் தெரிந்தார். ஒரு கிழமை. இரண்டு கிழமை. அக்கா ஒன்றும் கேட்கமாட்டார், தபால்காரருக்குத் தேசிக்காய்த் தண்ணி மட்டும் கொடுப்பார். மூன்றாம் கிழமை அவருடைய கட்டை குறி தவறி இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது. நாலாம் கிழமை இந்திய முத்திரையோடு ஒரு கடிதம் 'ஆசிரியர், கரைமடல்' என்று வந்தது. அருள்நாயகி அக்கா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடிவந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. மூச்சு வாங்க வாங்க வாசித்தார்.

"'ஆசிரியர் அவர்கட்கு. சென்ற இதழில் பிழைகள் மலிந்துள்ளன. ஒன்று: மழை பெய்யவில்லை. வீசியது சோளகம். இரண்டு: வள்ளம் நீலமல்ல, பச்சை. மூன்று: குடை இல்லை என்பது சரி. மழை இல்லாதபோது குடை எதற்கு? நான்கு: திரும்பிப் பார்க்கவில்லை என்பது முழுப் பொய். மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறை அவர் குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.'"

"மண் தட்டினனானோ!" அக்கா கட்டையைப் போட்டுவிட்டு எழும்பினார். "வார் அறுந்தது! செருப்பு வார் அறுந்தது! நிமிர்ந்து பாக்க வள்ளம் தூரத்திலை. எழுது தம்பி, இப்பவே திருத்தம் எழுது!"

எழுதினேன். அவர் மறுத்தார். இவர் மறுப்புக்கு மறுப்பு. அறுந்தது இடதுகால் வாரா வலதுகால் வாரா என்பதற்கே ஒரு மாதம் போனது. நூற்றைம்பது பிரதி அடித்த கரைமடல் நானூறு அடித்தது. றோணியோ மை தீர்ந்து, பாதர் மன்னார் முழுக்க மை தேடி அலைந்தார். பூசைக்கு முன்பே சனம் 'திருத்தங்கள்' பக்கத்தை விரித்துவிடும் என்று பிரசங்கத்தில் குறைப்பட்டார். குறைப்பட்டவர்தான் அச்சடிக்க முன்பே எங்களுக்குப் பின்னால் நின்று எட்டி வாசிப்பவர்.

மாசி மாதம் பதினோராம் திருத்தம் வந்தது. ஒரே வரி. 'கட்டுரையில் அவர் தனியாள் என எழுதப்பட்டுள்ளது. இரண்டு ஓலை வாசிக்கப்பட்ட ஒருவரைத் தனியாள் எனலாமா என்பதை ஆசிரியர் தெளிவுபடுத்துவாராக.'

அருள்நாயகி அக்கா கூச்சலிட்டுக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பியதில் மைப்போத்தல் உருண்டது. அன்ரோனெற் அக்கா மட்டும் அசையாமல் இருந்தார். காதுகள் சிவந்திருந்தன. பிறகு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'ஆசிரியர் தெளிவுபடுத்தமாட்டார். நேரில் வந்து தெளிவுபடுத்தவும். ஐஸ் கொட்டிலின் கதவு நீலம்.'

வருவதற்கு ஆடி ஆயிற்று. போகும்போது கள்ளமாகப் போனவர், வரும்போது எல்லாக் கடதாசியிலும் முத்திரை குத்தி, விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, பஸ்ஸில் வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் சிவப்புப் பேனை. கொட்டிலுக்கு முன்னால் நின்று கதவைப் பார்த்தார்.

"இது பச்சை" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா. "வாங்கோ."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பதிவேட்டைப் புரட்டிய பாதர், பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய ஓலை செல்லாது, முதலாம் ஓலையிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். "பாதர் சொல்லுறது சரி. முறைப்படி மூண்டும் வாசிக்கவேணும்" என்று கிறகரி அண்ணன் தலையாட்ட, அக்கா கட்டையோடு எழும்பினார்.

"நான் காத்திருந்தது மூண்டாவதுக்கு. முதலாவதுக்கு இல்லை."

பாதர் கட்டையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மூன்று ஞாயிறும் வாசிப்பது, ஆனால் முதல் ஞாயிறிலேயே மூன்றாம் ஓலை என்று வாசிப்பது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. "மூன்றாம் ஓலை" என்று பாதர் தொடங்க, கோயில் மூச்சை அடக்கியது. "சந்தியாப்பிள்ளை யாகப்பரின் மகன் கிறகரிக்கும்..." என்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கிறகரி அண்ணன் எழும்பவில்லை. முழங்கால் மட்டும் ஆடியது. பாதர் நிம்மதியாக மிச்சத்தையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்ரோனெற் அக்கா எழும்பினார்.

"பாதர், ஐஸ் விக்கிறவ எண்டதையும் சேர்த்து வாசியுங்கோ."

முதலில் சிரித்தது கிறகரி அண்ணன்தான். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பாதர் சேர்த்து வாசித்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. இளசுகள் வாசலில் வரிசையாகக் குடை பிடித்து நின்றார்கள். இரண்டு பேரும் அதற்குக் கீழால் நடந்து வந்தார்கள். என்னைக் கண்டதும் கிறகரி அண்ணன் நின்றார்.

"தம்பி, இதையும் எழுதுவீர். வெயில் எண்டு எழுதும்."

"மழை எண்டு எழுதடா" என்றார் அக்கா, "இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு, இந்த மனுசன் சும்மா இருக்கக்கூடாது."