வெர்னா குபியாக் வாங்கிய அவசரப் பட்டம்

டொலீடோ நகரத்தில் ஒரு கார் உதிரிபாகக் கிடங்கு. அங்கே இருபத்திரண்டு வருடமாக இரண்டாம் ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் வெர்னா குபியாக். மேனேஜர் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு வந்ததும், அந்த நாற்காலிக்குத் தன்னை விட்டால் ஆளே கிடையாது என்று அவள் நினைத்தாள். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வேலைக்குப் பட்டம் கட்டாயமாம். அதற்காகவே ஐம்பத்தோரு வயதில் கல்லூரிக்குப் போனாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே வைத்திருக்கும் படிப்பு அது. வாரத்தில் ஒரு மாலை வகுப்பு, ஐந்து வாரத்துக்கு ஒரு பாடம், பதினெட்டு மாதத்தில் வணிக நிர்வாகப் பட்டம். நெடுஞ்சாலையோரத்தில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் வகுப்பறை. பாடம் எடுத்த கென்ட், வாழ்நாளில் ஒரு லாரியில் ஒரு பெட்டிகூட ஏற்றியிராத ஆசாமி. தலைமைப் பண்பு என்று முக்கோணம் வரைந்து காட்டியே சம்பளம் வாங்கினான்.

நாலு பேர் ஒரு குழு, நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண். வெர்னாவின் குழுவில், மெத்தைக் கடையில் வேலை பார்க்கும் டக் என்கிற ஒரு சோம்பேறி இருந்தான்.

"உன் மூணு பக்கம் எங்கடா?"

"நான் ஐடியா குடுக்கிற ஆளு, வெர்னா. எழுதுறது உனக்குத்தான் நல்லா வருது."

"என்ன ஐடியா குடுத்த, பீட்சாவுல காளான் போடச் சொன்னியே, அதுவா?"

கடைசியில் எல்லாவற்றையும் அவளே எழுதினாள்.

இறுதி ஆய்வைக் குழுவில் யாராவது ஒருவர் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். குழு வெர்னாவின் கிடங்கை எடுத்துக்கொண்டது. கென்டுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்: ஆளைக் குறை, செலவைக் குறை. கிடங்குக்கு மேனேஜரும் வேண்டாம், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசரும் வேண்டாம், கொலம்பஸ் நகரத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து திரையில் பார்த்தே நடத்தலாம் என்று எழுதினாள். அதில் ஒரு வரியைக்கூட அவள் நம்பவில்லை. இந்த மண்டூகங்களுக்கு இது போதும் என்று நினைத்தாள். முதல் தர மதிப்பெண் கிடைத்தது.

படிப்புச் செலவு கம்பெனியுடையது. ஆகவே இறுதி ஆய்வின் பிரதியைக் கம்பெனிக்குக் கொடுப்பது விதி. வெர்னா பின் அடித்து அனுப்பிவிட்டு, அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பட்டம் வாங்கப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை வட்டார அதிகாரி ட்ரென்ட் கூப்பிட்டான். முப்பது வயது, முழங்கை வரை சுருட்டிய சட்டை.

"வெர்னா, உங்க ஆய்வ மேலிடத்துல எல்லாரும் படிச்சாங்க. பிரமாதம்னு சொன்னாங்க. மேனேஜர் போஸ்ட்டையே எடுத்துட்டாங்க."

"அப்ப சூப்பர்வைசர்?"

"அதான் ஏழாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்களே."

வெர்னாவுக்குத் தன் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பதினெட்டு மாதமாக அவள் எழுதிக் குவித்ததில் எதையாவது ஏழாம் பக்கம் வரை படித்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.