அதே நாலு வார்த்தை

மெல்போர்ன் கால்பந்து கிளப் ஒன்று ஊயன் என்ற சிற்றூரிலிருந்து பொறுக்கியெடுத்த பதினெட்டு வயதுப் பையன் ப்ரோடி. சேர்ந்த வாரமே டாக்டர் பத்து வார்த்தைகளை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்தச் சோதனை. ப்ரோடி வேண்டுமென்றே நாலோடு நிறுத்திவிட்டு வந்து கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டான்: "இனிமே மண்டை பொளந்தாலும் நான் பாஸ்தான்டா!"

கோச் வேய்ன் ஏழு மாதம் பாஸ்தாவாகப் போட்டு அவன் உடம்பில் எட்டு கிலோ ஏற்றினார், இடது காலால் உதைக்கப் பழக்கினார். முதல் மேட்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பயிற்சியில் ஒருவன் தோள் ப்ரோடியின் நெற்றியில் மோதியது.

டாக்டர் மறுபடி பத்து வார்த்தைகள் வாசித்தார். நாலுக்குக் குறைந்தால் சனிக்கிழமை ஆட முடியாது. இந்தத் தடவை பத்தையும் கொட்டி அவரை அசத்திவிடலாம் என்று ப்ரோடி வாயைத் திறந்தான்.

"எலுமிச்சை, சேணம், விரல், கம்பளம்..."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"அதே நாலு. ஒரு மாற்றமும் இல்ல," என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பீற்றலைக் கேள்விப்பட்டிருந்த வேய்ன் அவன் முதுகில் தட்டினார். "தப்பிச்சடா திருட்டுப் பயலே! அம்மாவ மேட்சுக்கு வரச் சொல்லு."

ப்ரோடி சிரித்துக்கொண்டே போன் போட்டான். "சனிக்கிழமை ஆடுறேன்மா." அம்மா அந்தப் பக்கம் அழுதாள். அவன் ஐந்தாவது வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான்.