அப்பா வீட்டுத் தூக்கம்

என் கணவர் வீட்டில் யாருக்கும் அலாரம் தேவைப்பட்டதில்லை. மாமனார், நாத்தனார், இவர், எல்லோருக்கும் நாலு மணி நேரத் தூக்கம் போதும். தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட ஆட்கள் வருவதற்குள் வீட்டில் பாதி வேலை முடிந்திருக்கும். எனக்கோ எட்டு மணி நேரம் வேண்டும். கல்யாணமான முதல் வாரமே தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தார்கள். இன்றுவரை அதே பேர்தான்.

மகளுக்கு என் தூக்கம். பிளஸ் டூ வந்ததும் இவர் அவளை இருட்டிலேயே எழுப்ப ஆரம்பித்தார். சண்டை போட்டுப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? போன மாதம் மாதிரித் தேர்வில் பாதி எழுதும்போதே பெஞ்சில் கவிழ்ந்து தூங்கிவிட்டாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். மூவருமாக டாக்டரிடம் போனோம்.

"சில பேருக்குப் பொறவியிலேயே கொஞ்சம் தூங்கினாலே போதும். அது மரபணு சம்பந்தப்பட்டது, பழகி வர்றதில்ல," என்றார் டாக்டர். "பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைக்கு வரலாம், வராமலும் போவலாம். இந்தப் பொண்ணுக்கு வரல. தூங்க விடுங்க."

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் கழித்து, என் மேல் தப்பில்லை என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் இவர் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா? எங்க ரத்தத்துலயே இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவ எம் பொண்ணுதான? வராம எங்க போவும்?"

"இவளுக்கு வரலன்னுதான சொன்னாரு?"

"டெஸ்ட் எடுத்தா பாத்தாரு?"

இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று மகள் பக்கம் திரும்பினேன். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. "நீயே சொல்லும்மா, முடியலன்னு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பாவோடதுதாம்மா. பழகிக்கினா சரியாப்பூடும். நான் உன்ன மாதிரி இல்ல."

செவிலிமேடு பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. இவரோடு ஆயுசுக்கும் மல்லுக்கட்டலாம். என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்றே விழித்திருக்கிற பிள்ளையோடு என்ன செய்ய? எதுவும் செய்ய முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் நிறுத்தம் வந்ததும் மெல்லத் தட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே, "நான் தூங்கல, அப்பா," என்றாள்.