திறக்காமல் வைத்திருந்த வாசம்

என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், பாரிஸில் வாசனைத் திரவியக் கடையொன்றில் வேலை செய்கிறார். எங்கள் மகள் பிறந்த மாதத்தில் எனக்கென்று ஒரு சென்ட் போத்தல் அனுப்பியிருந்தார். நூறு வருடங்களுக்கு மேலாக உலகம் முழுக்கக் கேட்டு வாங்கும் சென்ட் அது. அதற்கு ஒரு பூவின் பெயரோ அரசியின் பெயரோ கிடையாது, வெறும் எண்தான் பெயர்.

போத்தலைக் கண்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. சோடனை ஒன்றுமில்லாத சதுரக் கண்ணாடி. உள்ளே இளமஞ்சளாகத் தண்ணீர் போல ஒன்று. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டிய பொருள் போலத் தெரிந்தது. நல்ல நாள் ஒன்றில் திறக்கலாம் என்று அலுமாரியில் வைத்தேன். அதற்குள் பிள்ளைக்கு முட்டு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். ஊதுபத்தி, சாம்பிராணி, நுளம்புச்சுருள், சென்ட் எதுவும் கூடாது என்று டொக்டர் சொன்னார். போத்தலைத் திறக்கும் எண்ணத்தை அன்றோடு விட்டேன். ஆனால் மச்சாளுக்கு அதைச் சொல்லவில்லை. இவ்வளவு ஆசையாக அனுப்பியவரிடம் எப்படிச் சொல்வது என்று நாளை நாளையென்று தள்ளிக்கொண்டே போனேன்.

அவரோ குரல்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி ஒன்றுவிடாமல் கேட்பேன்.

"அதுக்கு முதல் வந்த சென்ட் எல்லாம் ரோசா எண்டால் ரோசா, மல்லிகை எண்டால் மல்லிகை. இதிலை எந்தப் பூ எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. அதுதான் கெட்டித்தனம். பூவுக்கு மேலாலை வெளுத்து அயன் பண்ணின துணியின்ரை சுத்தம் ஒண்டு வரும், கவனிச்சுப் பாரும்."

உடுப்புத் தைத்து விற்ற ஒரு பெண்மணிக்காகத்தான் அது செய்யப்பட்டதாம். செய்தவர் மாதிரிகளுக்கு எண் போட்டுக் கொண்டுவந்து காட்ட, அவர் ஒன்றை எடுத்து, அந்த எண்ணையே பெயராக விட்டுவிட்டாராம். அதற்குள்ளேயே பல வகைகள் உண்டு என்பதும் மச்சாள் சொல்லித்தான் தெரியும். மிகச் செறிவானது சின்னப் போத்தலில், கண்ணாடி மூடியைச் சுற்றி நூல் கட்டி முத்திரை வைத்து வரும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு போதும். அதைவிட இலேசானது பூசிக்கொள்ள. இரண்டுக்கும் நடுவிலான ஒன்று பிந்தி வந்தது. இப்போது இளம்பெண்களுக்கென்று தோடம்பழத் தோல் வாசத்தோடு இன்னொன்றும் இருக்கிறதாம். எனக்கு அனுப்பியது இலேசான வகை. விசிறும் குமிழ் இல்லாமல் திருகித் திறந்து கையில் ஊற்றிப் பூசுகிற பழைய மாதிரிப் போத்தல். இத்தனை வகையும் ஒரே பாட்டைப் பலர் பாடுவது போல என்று நினைத்துக்கொள்வேன். முகர்ந்தே பார்க்காத ஒன்றின் மேல் இவ்வளவு மதிப்பு வைக்கலாமா என்றும் யோசிப்பேன்.

சித்திரை வெயில் வந்தபோது வேறொரு பயம் பிடித்தது. சூடு பட்டால் சென்ட் கெட்டுவிடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். பெட்டியிலிருந்து போத்தலை மட்டும் எடுத்துப் பிரிட்ஜ் கதவில் நிறுத்தினேன்.

மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு மச்சாள் வந்தார். வந்திறங்கும்போதே அவரைச் சுற்றி ஒரு வாசம். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார். "இப்பதான் பால் குடிச்சவள், மச்சாள்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நித்திரை என்றேன். பிறகு குளிக்க வார்க்க வேண்டும் என்றேன்.  அவர் கதிரையில் இருந்தபடி தூரத்திலிருந்தே பிள்ளைக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அன்புவழிபுரத்து எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டத்தோடு என் கணவரின் அம்மா, மாமி, நின்று, பன்னீர்ச் செம்பை ஆட்டி வருகிறவர்கள் மேல் தெளித்தார். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நான் உள்ளே கேக் மேசையடியில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"என்ன மாமி, பன்னீர் இண்டைக்கு ஒரு மாதிரியாய் இருக்கு. வீட்டை போனால் இவர் என்னைப் பொம்பிளை பார்க்க வந்திடுவார் போல."

"மகள் பாரிஸிலையிருந்து அனுப்பினது. உங்கடை வீட்டுச் சடங்குக்குத் தெளிச்ச குழாய்த்தண்ணி எண்டு நினைச்சியே?"

எனக்கு விளங்கிவிட்டது. பிரிட்ஜில் குளிரக் குளிர இருந்த அந்தப் போத்தலை மகள் அனுப்பிய பன்னீர் என்று மாமி செம்புக்குள் கவிழ்த்திருந்தார். பன்னீர் இல்லாமல் வேறெதைத்தான் ஒரு வீட்டில் குளிர வைத்திருப்பார்கள்? வந்தவர் ஒவ்வொருவரும் அந்த வாசத்தை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை ஒரு முறை தும்மினாள்.

முட்டு மருந்துக் குழாயை எடுத்துக்கொண்டு குசினிக் கதவால் பின்பக்கம் ஓடினேன். அங்கே துறைமுகப் பக்கமிருந்து காற்று வரும். பிள்ளையின் முதுகில் காதை வைத்தேன். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. சட்டையைத் தளர்த்தி மறுபடியும் வைத்துப் பார்த்தேன். இல்லை. என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் அது கேட்காமல் போகிறதோ என்று திரும்பவும் வைத்தேன். பிள்ளை என் தோட்டை இழுத்துச் சிரித்தாள்.

அப்போதுதான், வந்தவர்கள் உரசியதில் என் சேலையிலும் அது பட்டிருப்பதை உணர்ந்தேன். சேலையைக் கழுவ வேண்டும் என்று ஒரு மனம் சொல்ல, மூக்கு வேறொன்றைக் கேட்டது. முதலில் வந்தது பூவே இல்லை. வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணி. அதற்குப் பின்னால் மெதுவாக மல்லிகை, அதற்கும் பின்னால் பெயர் சொல்ல வராத ஒரு இளஞ்சூடு. உப்புக் காற்று அதைக் கொண்டுபோகவில்லை. இன்னும் தெளிவாக்கியது. மச்சாள் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இதைக் கலந்திருக்கிறார், இத்தனை காலம் கழித்து எங்கள் கிணற்றடி வரை அது குலையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

அதையும் முழுதாக ரசிக்க விடவில்லை என் மனம். மறுபடியும் பிள்ளையின் முதுகில் காதை வைத்தேன். அப்படி நின்றபோது மச்சாள் வந்தார்.

"அம்மா செய்த வேலையைப் பார்த்தீரே? கற்பூரம் விக்கிற ஐயாவும் பாரிஸ்காரி மாதிரி மணக்கிறார்" என்று சிரித்தவர், என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "ஏன் இஞ்சை நிக்கிறீர்?"

"இவளுக்கு முட்டு, மச்சாள். வாசம் ஒண்டும் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். அதாலைதான் போத்தலை நான் திறக்கேல்லை. காலமை இவளை உங்களட்டைக் குடுக்காததும் அதாலைதான்."

அவர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

"இப்ப முட்டுதே?"

"இல்லை. ஆனால் பிறகு வருமோ தெரியேல்லை."

"நான் என்னவோ பிள்ளையை எனக்குத் தர உமக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "கடையிலை ஆர் வந்தாலும் நான் முதல் கேக்கிற கேள்வி, வீட்டிலை முட்டுக்காரர் இருக்கினமோ எண்டுதான். உம்மட்டை மட்டும் கேக்க மறந்துபோனன்."

 கிணற்றடிக்குப் போய் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை எடுத்து, கழுத்து, காதடி, கைகள் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். காஞ்சிபுரப் பட்டின் முந்தானை நனைந்து சொட்டியது, அதைப் பார்க்கவே இல்லை. பிறகு உள்ளே போய் என் பழைய வீட்டுச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, என்னிடமிருந்து தள்ளியே நின்றார்.

"மணந்து பாரும். இருக்கே?"

கிட்டப் போய் அவர் கழுத்தடியில் முகர்ந்தேன். சவர்க்காரம் மட்டும்தான். சரியாகத்தான் முகர்ந்தேனா என்று இன்னொரு முறையும் முகர்ந்தேன். அவர் அசையாமல் நின்றார்.

"இல்லை, போயிட்டுது" என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தேன்.